விண்வெளிப் போர் என்னும் விளையாட்டு பிறந்த வரலாறு

இன்றைய பேச்சில் அரசர்கள் இல்லை, கோட்டைகள் இல்லை. போர் ஒன்று உண்டு. அது ஒரு வட்டமான கண்ணாடித் திரைக்குள் நடந்த போர். அதை உண்டாக்கியவர்கள் கல்லூரிப் பிள்ளைகளும், படிப்பை அண்மையில்தான் விட்டு வந்த இளைஞர்களும் ஆவர்.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். உலகமே அண்ணாந்து பார்த்த காலம் அது. அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்துக்குப் பி.டி.பி.-1 என்ற கணிப்பொறி நன்கொடையாக வந்தது. பெரிய அலமாரிகளை வரிசையாக நிறுத்தியது போன்ற தோற்றம். விலை சுமார் 120,000 டாலர். உலகத்திலேயே அந்த வகையில் ஐம்பதுக்குச் சற்று அதிகமாகத்தான் செய்தார்கள். இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் தொலைபேசிக்கு முன்னால் அதன் ஆற்றல் ஒன்றுமே இல்லை.

அந்தக் கழகத்தில் பொம்மை இரயில் சங்கம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர் பலருக்கு இந்தப் பொறியின்மேல் தீராத மோகம். இதன் திறமையை எல்லாரும் கண்ணால் காண என்ன செய்யலாம் என்று ஸ்டீவ் ரஸ்ஸல், மார்ட்டின் கிரேட்ஸ், வெய்ன் வைட்டனன் ஆகிய மூன்று நண்பர்கள் யோசித்தார்கள். இரண்டு விண்கப்பல்கள் ஒன்றையொன்று சுடும் ஆட்டம் என்று முடிவாயிற்று. எழுத வேண்டியவர் ரஸ்ஸல். அவரோ இன்று நாளை என்று நாளைக் கடத்தினார். கப்பலைத் திருப்புவதற்கு வேண்டிய கோணக் கணக்கு தம்மிடம் இல்லை என்றார். ஆலன் கோட்டக் என்ற மாணவர் பொறியைச் செய்த நிறுவனத்துக்கே போய், அந்தக் கணக்கு அடங்கிய காகித நாடாவை வாங்கி வந்து அவர் முன் வைத்துவிட்டார். பிறகு சாக்குச் சொல்ல வழி ஏது? 1962இன் தொடக்கத்தில் ஆட்டம் திரையில் ஓடியது.

இனிமேல்தான் கதையின் சுவையான பகுதி. ஆடிப் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு குறையைக் கண்டார்கள். கண்டவரே அதைத் தீர்க்கவும் முன்வந்தார். பின்னணியில் ரஸ்ஸல் தூவியிருந்த புள்ளிகள் பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. வானத்தில் உள்ள உண்மையான நட்சத்திரங்களை, அவற்றின் ஒளி வேறுபாட்டோடு, உரிய இடங்களிலேயே அமைத்தார். சுடுவதில் கைவேகம் உள்ளவரே எப்போதும் வென்றார். ஆகவே டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து, அதற்கு ஈர்ப்பு விசையையும் கொடுத்தார். கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும்போது கயிறு கல்லை விடாமல் இழுக்கிறதல்லவா? அதுபோலச் சூரியன் கப்பலை இழுக்கும். கெட்டிக்காரன் அந்த இழுவையையே பயன்படுத்திச் சுற்றி வந்து எதிரியைப் பிடிப்பான். விவரம் அறியாதவன் நெருப்பில் விழுவான். ஆனால் குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கணக்கிடப் பொறிக்கு வேகம் போதவில்லை. ஆகவே குண்டுகள் நேர்கோட்டிலேயே போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். இருக்கிற வசதிக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அறிந்ததுதான் அவர்களுடைய உண்மையான திறமை என்பது என் கருத்து.

கிரேட்ஸ் தப்பிக்கும் வழி ஒன்றைச் சேர்த்தார். ஆபத்து நெருங்கினால் கப்பல் சட்டென மறைந்து வேறோர் இடத்தில் தோன்றும். அடிக்கடி இப்படிச் செய்தால் கப்பலே வெடித்துவிடும்!

பொறியின் முகப்பில் இருந்த சிறு விசைகளைத் தட்டித் தட்டி ஆடியவர்களுக்கு முழங்கை வலித்தது. கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் கையில் பிடித்து ஆடுவதற்கான பெட்டிகளைச் செய்தார்கள். சுடும் பொத்தான் ஓசையில்லாமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஓசை கேட்டால் எதிராளி உஷாராகிவிடுவான் அல்லவா?

1962 மே மாதம் பொதுமக்கள் வந்து பார்க்கும் அறிவியல் நாள் வந்தது. கூட்டம் நெருக்கும் என்பதால், எல்லாரும் பார்க்க உயரத்தில் இன்னொரு பெரிய திரையை வைத்தார்கள். ஒருவரே நெடுநேரம் ஆடாதபடி புள்ளிக் கணக்கையும் சேர்த்தார்கள். கண்காட்சி அமைப்போர் இன்றும் படும் கவலைதான் இது.

இதற்காக அவர்கள் பணம் பெறவில்லை. காகித நாடாவைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். 1971இல் இதைப் பின்பற்றிக் காசு போட்டு ஆடும் பொறிகள் அமெரிக்காவில் வந்தன. பின்னாளில் அது பெருந்தொழிலாயிற்று. பலர் கூடிச் செய்ததை ரஸ்ஸல் ஒருவர் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பொறிகள் பழுதாகி ஒதுக்கப்பட்டபின் ஆட்டமும் அழிந்திருக்கும். கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பூட்டவில்லை. தொண்டர்கள் பி.டி.பி.-1 ஒன்றைப் பழுது பார்த்து, 2000க்குப் பின் மீண்டும் ஓட வைத்தார்கள். நட்சத்திரங்களை அமைத்த சாம்சனும் அவர்களில் ஒருவர். வந்தவர்கள் பெட்டியைக் கையில் பிடித்து ஆடிப் பார்த்தார்கள். 2018இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள விளையாட்டு அருங்காட்சியகமும் இந்த ஆட்டத்தைத் தன் சிறப்புப் பட்டியலில் சேர்த்தது.