பாக்கி

ஆங்கில ‘பேலன்ஸ்’ அரபுக்குப் போனால் நாலாகப் பிரியும். தராசு ‘மீஸான்’, சமநிலை ‘தவாஸுன்’; இரண்டுக்கும் எடையைக் குறிக்கும் ஒரே வேர். வங்கியில் இருப்பது ‘ரஸீத்’. எஞ்சியது ‘பாக்கீ’.

இந்தக் கடைசிச் சொல் மலேசியாவின் கோல சிலாங்கூர்த் தோட்டத் தமிழரிடம் இரண்டு வழியாக வந்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த ‘பாக்கி’ பாரசீகம், உருது வழியாகத் தமிழில் நுழைந்தது. மீதி என்ற பொருள் இருந்தாலும் அதில் கடன் வாடைதான் தூக்கல். கடைக்காரர் நோட்டில் பாக்கி என்றால் நாம் கட்ட வேண்டியது; சம்பள நாளன்று பலரும் கேட்க விரும்பாத சொல். மலாய் ‘பாக்கி’ சில்லறையையும் குறிக்கும். அங்கே புக்கிட் ரோத்தான் ஊர்க் கடையில் ஏழு வெள்ளிச் சாமானுக்குப் பத்து வெள்ளி நீட்டினால், திரும்பி வரும் மூன்று வெள்ளி பாக்கி. சொல் ஒன்றுதான், பணம் போகும் திசைதான் வேறு.

அப்துல் பாக்கி என்ற பெயரைக் கேட்டால் மட்டும் சிரித்துவிடாதீர்கள். ‘அல்-பாக்கீ’ இறைவனின் திருநாமங்களில் ஒன்று: என்றும் நிலைத்திருப்பவன்.