விசைக்குறுக்குவழிகளும் சேமிக்காத தமிழ் எழுத்தும்

கணினியில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கட்டளையை நிறைவேற்றுவது விசைக்குறுக்குவழி எனப்படும். வேலையை விரைவாக்க வந்த இவ்வழியே, சேமிக்காத எழுத்து அழிந்துபோகவும் அடிக்கடி காரணமாகிறது.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் இந்தக் கவலை இல்லை. அழுத்திய எழுத்து தாளில் பதிந்துவிடும். அதை அழிப்பதுதான் கடினம். கணினியிலோ எழுதுவது முதலில் ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் இருக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும்.

இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே கண்டவர்கள் உண்டு. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை உருவாக்கியபோது, பொறியாளர் டேவிட் பிராட்லி கணினியை மறுதொடக்கம் செய்யக் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை முதலில் தேர்ந்தார். மூன்றும் இடப்பக்கமே இருந்ததால், கை தவறிப் பட்டாலும் கணினி மறுபடி தொடங்கிவிடும். ஆகவே எஸ்கேப்பை விட்டு வலக்கோடியில் இருந்த டெலீட்டைச் சேர்த்தனர். இரண்டு கையும் வேண்டும் என்பதே அதன் பாதுகாப்பு. பின்னர் வந்த குறுக்குவழிகளில் இந்த முன்யோசனை குறைவு என்றே சொல்ல வேண்டும். கண்ட்ரோலுடன் டபிள்யூ அழுத்தினால் சாளரம் மூடும். ஆர் அழுத்தினால் உலாவிப் பக்கம் புதிதாக ஏறும். இரண்டுக்கும் இடக்கை ஒன்றே போதும்.

தமிழ் எழுதுவோருக்கு இது எப்படித் தொல்லையாகிறது என்பதற்கு நாகூரே நல்ல எடுத்துக்காட்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்பது அதன் அமைப்பு. தமிழ் எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவையில்லை. கிரந்த எழுத்துகளுக்குத் தேவை. ஷ என்பது ஷிப்டுடன் டபிள்யூ. ஹ என்பது ஷிப்டுடன் ஆர். நாகூர் தர்காவில் அடங்கியுள்ள 16ஆம் நூற்றாண்டு சூபி ஞானியின் பெயர் ஷாகுல் ஹமீது. இணையப் பெட்டி ஒன்றில் ஊர் வரலாறு எழுதுபவரின் சிறுவிரல் ஷிப்டுக்குப் பதில் அதன் கீழுள்ள கண்ட்ரோலில் பட்டால், முதல் பெயரில் பக்கம் மூடும். இரண்டாம் பெயரில் பக்கம் மீண்டும் ஏறும். எழுதியது பெரும்பாலும் திரும்பாது.

அஞ்சல் என்னும் ஒலியியல் முறையில் ஷ, ஹ இரண்டுக்கும் ஷிப்ட் வேண்டாம். ஆனால் ஆ எழுத ஷிப்டுடன் ஏ அழுத்துவோர் உண்டு. அங்கே விரல் தவறினால் முழு உரையும் தேர்வாகி, அடுத்த எழுத்து விழுந்ததும் அத்தனையும் அழியும். இதற்கு மருந்து எளிது: உடனே கண்ட்ரோலுடன் இசட் அழுத்தினால் உரை மீளும். பதறி வேறு விசைகளைத் தட்டுவதுதான் கேடு.

பின்னழிப்பு விசையும் முன்பு இதே வேலையைச் செய்தது. சுட்டி பெட்டிக்கு வெளியே நின்றால், அது உலாவியை முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோகும். எழுதியதை இழந்தோர் முறையிட்டதால் கூகுள் குரோம் 2016இல் அதை நீக்கியது.

டெல்டா மாவட்டங்களில் விரல் மட்டும் காரணமல்ல. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகமெங்கும் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமில்லை. வேர்டு மென்பொருளின் தானியங்கு மீட்பு வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையே பதிவு செய்யும். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் அந்த இடைவெளிக்குள் எழுதியது இழப்புதான். எழுத்துக்கு எழுத்து தானே சேமிக்கும் இணைய ஆவணங்களில் இக்குறை இல்லை. அங்கே தவறி அழித்த வெற்றுப் பக்கமும் சேமிக்கப்பட்டுவிடும் என்பதால், பதிப்பு வரலாற்றில் பழைய உரையைத் தேடி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.