நத்தை தொல்லையா? நடும் செடியை மாற்றிப் பாருங்கள்

ஐப்பசி மழையில் அரியூர் பக்கத் தோட்டத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை புகுந்தால், பப்பாளி, செண்டுமல்லி, அவரை, வெள்ளரி இளங்கன்றுகளை இரவோடு இரவாக மொட்டையடித்துவிடும். 1847-ல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. நத்தை நடமாடும் இடத்தில் எலுமிச்சைப்புல், வெட்டிவேர் நடுங்கள், பெரும்பாலும் கடிக்காது. ஆனால் இவற்றை வேலியாக நட்டால் நத்தை நின்றுவிடும் என்று நம்ப வேண்டாம், பகலில் அந்தத் தூரிலேயே பதுங்கும். பப்பாளி வேண்டுமென்றால் பையில் வளர்த்து, தண்டு முற்றியபின் நடுங்கள். மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலை வையுங்கள். விடியற்காலையில் அங்கே கூடியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புநீரில் போடுங்கள். மண்ணில் உப்பு தூவாதீர்கள். கையுறை கட்டாயம்; மூளையைத் தாக்கும் புழு நத்தையில் இருக்கலாம்.