வர்ணத்துக்குள் இருக்கும் மரம்



போன வாரம் லண்டனில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சில படங்கள் அனுப்பியிருந்தார். ஏறக்குறைய முந்நூறு வருடப் பழைய வீடு ஒன்றில் ஒரு தளத்தை வாங்கிக் குடிபோயிருக்கிறார். சுவர் முழுக்க மரப்பலகை பதித்து, அதன்மேல் பல அடுக்கு பெயின்ட் பூசியிருக்கிறது. "சார், இதையெல்லாம் சுரண்டிவிட்டு உள்ளே இருக்கும் மரத்துக்குப் பாலிஷ் போடலாம் என்கிறார்கள். இரண்டு பலகை வெடித்தும் இருக்கிறது. புதிதாக எந்தப் பலகை வைக்கலாம்?" என்று கேட்டார். வீட்டில் தவழும் குழந்தை வேறு.

நான் ஆசாரி இல்லை, சமூக அறிவியல் நடத்தியவன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு வரலாறு பதில் வைத்திருக்கிறது. அவருக்கு எழுதியதை எல்லோருக்குமாக இங்கே போடுகிறேன்.

குளிர்நாட்டில் கல் சுவரும் செங்கல் சுவரும் பனிக்காலத்தில் சில்லிட்டுப் போகும். அதனால் வசதியுள்ளவர்கள் சுவரின் உட்புறம் மரப்பலகை பதித்தார்கள். முதலில் பயன்பட்டது ஓக் மரம். அதில் நல்ல ரகம் பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பலில் வந்தது. இந்தச் சுவர்ப்பலகைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வெயின்ஸ்காட்' என்ற சொல்லே பழைய வட ஜெர்மானியச் சொல்தான். முதலில் அது அந்த நல்ல ஓக் பலகையைக் குறித்தது; பிறகு சுவர் வேலைக்கே பெயராகிவிட்டது.

நம் ஊரில் மழைக்காலத்தில் கதவு இறுகிக்கொள்வதும் கோடையில் தளர்ந்துவிடுவதும் உங்களுக்குத் தெரியும். மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும்; நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அகலமான பலகையை அசையவிடாமல் ஆணியடித்தால் வெடித்துவிடும். இதை அறிந்த தச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். சுற்றிலும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அந்தக் காடிக்குள் பசையில்லாமல் பலகை. பலகை தன் இஷ்டத்துக்கு விரியும், சுருங்கும். சட்டம் அப்படியே நிற்கும்.

1666 செப்டம்பரில் லண்டன் நான்கு நாள் எரிந்தது. சுமார் 13,000 வீடுகள் போயின. அடுத்த ஆண்டே, வெளிச்சுவர்களைச் செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. உள்ளே மட்டும் மரவேலை தொடர்ந்தது. ஒரு நகரத்தையே திரும்பக் கட்டும்போது விலை உயர்ந்த ஓக் எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? நார்வேயிலிருந்தும் பால்டிக் துறைமுகங்களிலிருந்தும் பைன் பலகைகள் கப்பல் கப்பலாக வந்தன. அவற்றுக்கு 'டீல்' என்று பெயர். பேரம் என்று நினைத்துவிடாதீர்கள். பலகை என்று பொருள் தரும் வேறொரு வட ஜெர்மானியச் சொல் அது.

பைன் மரம் லேசானது, இழைக்கச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் கணு நிறைய இருக்கும், பார்வைக்குச் சாதாரணம். ஆகவே ஆளிவிதை எண்ணெயில் ஈய வெள்ளையைக் குழைத்து, நிறம் சேர்த்துப் பூசினார்கள். இசைமேதை ஹாண்டல் 1723இல் குடியேறிய புரூக் தெரு வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் அறைகளிலும் பெயின்ட் பூசிய சுவர்ப்பலகைகளைப் பார்க்கலாம். அந்தக் காலத்து வீடுகளில் பைன் பலகை பெயின்ட் பூசுவதற்கென்றே வைக்கப்பட்டது.

பெயின்ட் மரத்தின் முகத்தை மறைக்கும், குணத்தை மாற்றாது. கணுவிலிருந்து பிசின் கசிந்து, மேலே எத்தனை கோட் அடித்தாலும் மஞ்சளாகக் கறை காட்டும். அதைத் தடுக்க, பிற்காலப் பெயின்டர்கள் கணுக்களின்மேல் முதலில் அரக்குக் கரைசலைத் தடவினார்கள். அரக்குப்பூச்சி தரும் அந்த அரக்கு நம் இந்தியாவிலிருந்து போன சரக்கு.

இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு மோகம் கிளம்பியது. பழைய பைன் பலகைகளைச் சுரண்டியும் காரத்தில் கழுவியும் 'அசல் மரம்' என்று காட்டினார்கள். கட்டியவர்கள் காட்டவே நினைக்காத கணுவும் ஒட்டுப்போட்ட இடமும் வெளியே தெரிந்தன. கூடவே பல தலைமுறைப் பெயின்ட் வரலாறும் குப்பைக்குப் போனது.

அதைவிட முக்கியம் ஈயம். பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கிளம்பும் தூசி குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பிரிட்டனில் 1992இல்தான் ஈயப் பெயின்ட் பொதுவிற்பனை நின்றது. நம் நாட்டில் 2016 விதிகள் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்றன.

ஆகவே அந்தத் தம்பிக்கு நான் எழுதியது இது. சுரண்டாதே. முதலில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனை செய். உதிரும் இடத்துக்குக் குழந்தையை விடாதே. பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் உள்ளூர் மன்றத்தின் அனுமதி இல்லாமல் கை வைக்காதே. வெடித்த இரண்டு பலகைக்குப் பதில், நன்றாகக் காய்ந்த, நெருக்கமான ரேகையுள்ள, கணு குறைந்த பைன் பலகையே போதும். பின்பக்கமும் சேர்த்துப் பூசிய பிறகு காடிக்குள் வைக்கச் சொல். ஒட்ட வேண்டாம்.

புதிதாகச் சுவர்ப்பலகை வைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எம்.டி.எஃப். பலகைக்குக் கணுவும் இல்லை, ரேகையும் இல்லை. பெயின்ட் வழுவழுவென்று நிற்கும். ஆனால் வெட்டிய விளிம்பு பெயின்டை உறிஞ்சும், அங்கே பிரைமர் கூடுதலாக வேண்டும். தண்ணீர் பட்டால் உப்பிவிடும், ஓதமுள்ள சுவரில் வைக்காதீர்கள். தேக்கை வாங்கி அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. பெயின்ட் பூசப்போகும் மரத்தை முகம் பார்த்து எடுக்க வேண்டாம், குணம் பார்த்து எடுங்கள்.

நேற்று அந்தத் தம்பியிடமிருந்து பதில் வந்தது. பரிசோதனைக்கு ஆள் சொல்லியாகிவிட்டதாம். அதுவரை குழந்தை அடுத்த அறையில்.

அன்புடன்,
உங்கள் பழைய சார்