பித்தளை புழங்கிய வீடும் எவர்சில்வர் தேங்கிய பரணும்

தென் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தின் நிலையை மதிப்பிட நிலமும் நகையும் மாடும் கணக்கில் வந்ததைப் போலவே பாத்திரமும் கணக்கில் வந்தது. திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் பொருள்களாகிய சீரிலும், காதணி விழாவிலும் பூப்புச் சடங்கிலும் தாய்மாமன் வீட்டார் தாம்பாளங்களில் ஏந்தி ஊர்வலமாக வரும் வரிசையிலும் உலோகப் பாத்திரம் தவறாமல் இடம்பெற்றது. இவ்வாறு சேர்ந்த பாத்திரங்களின் அழகையும் வகையையும் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு சேர்ந்தால் போதும் என்பதை ஒரு வீடு எவ்வாறு அறிந்தது என்ற கேள்வி அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. திண்டுக்கல் நகரையும் அதைச் சுற்றிய சமவெளியையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், அந்த அறிவு வீட்டாரின் சிக்கனத்தைவிடப் பாத்திரம் செய்யப்பட்ட உலோகத்தையே பெரிதும் சார்ந்திருந்தது தெரியவரும்.

சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் இடையே திறந்து கிடக்கும் இந்தச் சமவெளியில் குடகனாறு போன்ற ஆறுகள் மழைக்காலத்தில் மட்டுமே பெருகி ஓடுவதால், வேளாண்மை பெரும்பாலும் கிணற்றையும், மழையை மட்டும் நம்பிய மானாவாரிச் சாகுபடியையும் சார்ந்தே நடந்துவந்தது. வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலையோ ஒட்டன்சத்திரம் பக்கத்து நிலக்கடலையோ ஓர் ஆண்டு நன்றாக விளைந்து கையில் காசு நின்றால், அடுத்த ஆண்டும் அப்படியே நிற்கும் என்று யாரும் நம்பவில்லை. எனவே அந்தக் காசை அழியாத, தேவைப்பட்டால் மீண்டும் காசாக்கக்கூடிய ஒன்றாக மாற்றி வைப்பதே அறிவுடைமையாகக் கருதப்பட்டது. வசதியுள்ளவர்களுக்கு அது பொன்னாகவும், மற்றவர்களுக்குப் பித்தளையாகவும் அமைந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை 1875-இல் திறக்கப்பட்டதும் சரக்குப் போக்குவரத்து எளிதானது. வெளிநாட்டு ஆலைகளில் உருட்டப்பட்ட செம்பு, பித்தளைத் தகடுகள் மாகாணமெங்கும் பரவ, மண் அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்த கனத்த கலங்களோடு, தகட்டை அடித்து வளைத்துச் செய்த இலேசான கலங்களும் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்கத் தொடங்கின.

அந்தக் காலத்து வீட்டின் பாத்திரப் பட்டியல் நீளமானது. தண்ணீர் எடுக்கக் குடம், தேக்கி வைக்க வாயகன்ற அண்டாவும் கழுத்துக் குறுகிய தவலையும், பொங்கலுக்கும் சோற்றுக்கும் வெண்கலப் பானை, கூழும் பழைய சோறும் உண்ணக் கும்பா, காட்டு வேலைக்குச் சோறு கொண்டுபோகத் தூக்குவாளி, தானியம் அளக்கப் படியும் உழக்கும், விளக்கு, தாம்பாளம், செம்பு, குழம்புச் சட்டி என ஒவ்வொன்றுக்கும் தனித்த வேலை இருந்தது. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையைவிடச் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் விலை கூடியது. கீழே விழுந்தால் உடைந்துவிடும் என்பதால் வெண்கலப் பானையைப் பெரியவர்களே எடுத்து வைத்தார்கள். இந்தப் பட்டியலில் காட்சிக்கு மட்டும் என்று ஒதுக்கத்தக்கவை மிகக் குறைவு என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றுக்கு மேல் இருந்த குடமும் அண்டாவும் கோடையில் தண்ணீர் தட்டுப்படும் இந்த வட்டாரத்தில் வீண் ஆடம்பரமாகத் தோன்றியிருக்க முடியாது.

பித்தளை தன்னைச் சேர்ப்பவர்மீது ஓர் உழைப்பையும் சுமத்தியது. புளியும் மோரும் பட்டால் செம்புக் கலப்புள்ள உலோகம் பச்சை நிறக் களிம்பை உண்டாக்கும். உணவில் கலந்தால் அது நஞ்சு. ஆகவே சமைக்கும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயத்தைப் பூசியாக வேண்டும். ஈயம் பூசுபவர் தெருவில் சிறு குழி தோண்டிக் கரியிட்டுத் துருத்தியால் ஊதி, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி அழுக்கை நீக்கி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரே வீச்சில் தேய்ப்பார். உட்புறம் வெள்ளிபோல் மின்னினாலும் அந்தப் பூச்சு சில மாதங்களில் தேய்ந்துவிடும். வெளிப்புறத்தைப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கும் வேலை பெண்களின் கைகளில் விழுந்தது. துலக்கவும் பூசவும் ஆகும் உழைப்பையும் கூலியையும் தாண்டிப் பாத்திரம் சேர்க்க ஒரு வீட்டால் முடியவில்லை. துலக்காத பித்தளை கறுத்துப்போய்த் தன் மிகுதியைத் தானே காட்டிக்கொடுத்தது. மிகையைக் கண்டறிய வீட்டுப் பெண்களுக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. பித்தளை வீட்டுக்குள் வந்த வழியைப் போலவே வெளியேறும் வழிகளும் திறந்தே இருந்தன. விதைப்புக்கோ மருத்துவத்துக்கோ பணம் வேண்டுமானால் அண்டாவும் குடமும் அடகுக் கடைக்குப் போயின. அடகுத் தொழிலை ஒழுங்குபடுத்திய சென்னை அடகுக்காரர் சட்டம் 1943-இல் வந்தது என்றாலும், பாத்திரத்தை ஈடாக வைத்துக் கடன் பெறும் வழக்கம் அதற்கு மிகவும் முற்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில் மக்கள் நகைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் கிடைத்த விலைக்கு விற்று உயிர்பிழைக்க முயன்றார்கள். நல்ல காலத்திலும் உலோகம் ஓயாமல் சுழன்றது: நெளிந்தும் ஓட்டையாகியும் போன குடத்தை எடைபோட்டுக் கழிவு நீக்கி, செய்கூலியை மட்டும் கொடுத்துப் புதிய குடமாக மாற்றிக்கொள்ளலாம். ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும் பித்தளையைக் கரி உலையும் துருத்தியும் கொண்ட சாதாரணப் பட்டறையிலேயே மறுபடியும் வார்க்க முடிந்தது. பாட்டியின் தவலை பேத்தியின் சீரில் வேறு உருவில் சென்றது. மூத்த பெண்ணுக்குக் கொடுத்தது போக எஞ்சியதை இளையவளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். சேமிப்பு என்ற சொல்லின் முழுப் பொருளிலும் அது சேமிப்பாகவே இருந்தது.

இத்தகைய உடைமையைப் பாதுகாக்கும் பூட்டுத் தொழில் திண்டுக்கல்லிலேயே செழித்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. நகரிலும் அதைச் சுற்றிய சிற்றூர்களிலும் கையால் செய்யப்பட்ட பூட்டுகள், மாங்காய் வடிவப் பூட்டு முதல் நெம்புகோல்களை அடுக்கிச் செய்த கதவுப் பூட்டு வரை, தானியமும் பாத்திரமும் வைத்த அறைகளைத் தமிழகமெங்கும் காத்தன. 1957-இல் பூட்டுத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. பாத்திர அறைக்குத் தனிப் பூட்டும், வீட்டுத் தலைவியின் இடுப்பில் அதன் சாவியும் இருந்த நாட்கள் பித்தளையின் நாட்களே.

பித்தளையின் இடத்தை முதலில் அசைத்தது அலுமினியம். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அங்கு அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். ஈயம் பூச வேண்டியதில்லை, எடை குறைவு, விலையும் குறைவு என்பவை அதன் சிறப்புகள். அது அடுப்படிக்குள் நுழைந்தது என்றாலும் சீர்வரிசைக்குள் மதிப்போடு நுழையவில்லை. அந்த மதிப்பைப் பெற்றது 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு. குரோமியம் கலந்த அந்த எஃகைத் தமிழர் எவர்சில்வர் என்று அழைத்து, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் வீடு நிறைய வாங்கினார்கள். திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற பாத்திரத் தொழில் ஊர்கள் பித்தளையோடு எவர்சில்வர் பாத்திரங்களையும் செய்யத் தொடங்கின. 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தமிழ்நாட்டிலேயே கிடைக்கச் செய்தது. பெண்களைப் பொறுத்தவரை இது உண்மையான விடுதலை. புளிக்குழம்பை அஞ்சாமல் வைக்கலாம், ஈயம் பூசுபவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, துலக்கும் வேலை பாதியாகியது. பித்தளை போய்விட்டதே என்று வருந்தி எழுதுபவர்கள் அதைத் துலக்கிய கைகளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் உழைப்பு குறைந்தபோது, மிகையைக் காட்டிக்கொடுத்த அடையாளமும் மறைந்தது. எவர்சில்வர் கறுக்காது, தேயாது, எளிதில் நெளியாது. 1,400 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் உள்ளூர்ப் பட்டறையில் அதைப் புதிதாக வார்க்கவும் இயலாது. பழைய எவர்சில்வரை எடைக்குப் போட்டால் வாங்கிய விலையில் சிறு பங்கே திரும்பும். அடகுக் கடையில் பித்தளைக்கு இருந்த மதிப்பு அதற்கு அமையவில்லை. வாங்குவதோ மிக எளிதாகிவிட்டது: தலையில் கூடையுடன் தெருவுக்கு வந்த வணிகரிடம் பழைய துணியையும் சரிகைப் புடவையையும் கொடுத்து ஒரு டப்பாவோ வாளியோ பெற முடிந்தது. இவ்வாறு உள்ளே வரும் வழி அகலமாகி, வெளியேறும் வழி ஏறத்தாழ அடைபட்டது. சுவரின் மேற்பகுதியில் பலகையாலோ பின்னாளில் கற்காரையாலோ அமைத்த தட்டாகிய பரண், முன்பு ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பெரிய கலங்களுக்கான இடமாக இருந்தது. இப்போது ஒருபோதும் தேவைப்படாத பாத்திரங்களின் இருப்பிடமாயிற்று.

இந்தத் தேக்கத்தை உறுதியாக்கியது பெயர் வெட்டும் வழக்கம். கடைக்காரர் சிறு உளியாலும் சுத்தியலாலும் புள்ளி புள்ளியாகக் கொத்தியும், பிற்காலத்தில் மின்கருவியால் கீறியும், கொடுப்பவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பாத்திரத்தில் பொறிப்பதையே பெயர் வெட்டுதல் என்பர். பித்தளையிலும் பெயர் இருந்தது. ஆனால் பொது விருந்துகளுக்கு இரவல் போன கலம் சரியான வீட்டுக்குத் திரும்ப அது உதவியது, கலத்தை உருக்கியபோது பெயரும் உருகிப்போனது. எவர்சில்வரில் வெட்டிய பெயர் அழிவதில்லை. இறந்துபோன பெரியம்மாவின் பெயர் உள்ள தட்டை, ஒரே ஒருமுறை வீட்டுக்கு வந்த உறவினர் கொடுத்த குடத்தை எடைக்குப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. கொடுத்தவர்களின் பெயர்களும் ஊர்களும் நாட்களும் சேர்ந்த இந்தப் பாத்திர அடுக்கு, ஒரு குடும்பத்தின் உறவுமுறைக்கு எழுத்துச் சான்றாக நிற்கிறது. சமூக வரலாற்றாசிரியர்கள் அதை இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை. சட்டத்திலும் இந்த உடைமைக்கு இடமுண்டு. மணப்பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீதனப் பொருள்கள் முழுமையாக அவளுக்கே உரியவை என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது.

பிற இடங்களின் சேகரிப்புகளோடு ஒப்பிட்டால் இந்தத் தேக்கத்தின் தனித்தன்மை தெளிவாகும். 1930-களில் கலிபோர்னியாவில் பசிபிக் தீவுகளின் சாயலில் தொடங்கப்பட்ட மதுக்கூடங்களிலிருந்து பிறந்தவை டிக்கி குவளைகள், அதாவது தீவுச் சிலைகளின் முகம் வடித்த பீங்கான் குவளைகள். இன்றும் அவற்றைச் சேர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தம் விருப்பத்துக்காக வாங்குகிறார்கள், அலமாரி நிறைந்ததும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் சக சேகரிப்பாளர்கள் உண்டு. திண்டுக்கல் வீட்டின் பாத்திரங்களை அந்த வீட்டார் தேர்ந்தெடுக்கவில்லை. பிறர் அன்பால் கொடுத்தவை அவை என்பதால் குறைக்கும் உரிமையும் தமக்கு இல்லை என்று அவர்கள் கருதினார்கள். அண்டைப் பகுதியான செட்டிநாட்டில் இதே சிக்கல் இன்னும் பெரிய அளவில் தோன்றியது. சீர்ப் பொருள்களை உறவினர் காணப் பரப்பி வைத்த நகரத்தார் வீடுகளில் ஸ்வீடன், ஜப்பான் நாடுகளின் எனாமல் பாத்திரங்கள்வரை குவிந்தன. அவர்களுக்குப் பர்மாவில் இருந்த தொழிலும் செல்வமும் இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பறிபோனபின் அந்தக் கலங்கள் மெல்ல மெல்லக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. முனீஸ்வரன் கோயில் தெருவில் இன்றும் அவற்றைக் காணலாம்.

மிகையைத் தவிர்க்கும் ஏற்பாடுகள் திண்டுக்கல் வட்டாரத்தில் முழுமையாக அற்றுப்போகவில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பெரிய கொப்பரையையும் அண்டாவையும் ஒவ்வொரு வீடும் வாங்குவதற்குப் பதிலாக, ஊர்ப் பொதுவிலும் சமூகச் சங்கங்களிலும் வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த இடத்தை இப்போது வாடகைப் பாத்திரக் கடைகள் பிடித்திருக்கின்றன. நகரின் பெயரோடு இணைந்துவிட்ட பிரியாணிக்கு வேண்டிய பெரிய தேக்சாக்களை, அதாவது வாயகன்ற அடிகனத்த சமையற்கலங்களை, விருந்து வைக்கும் வீட்டார் இந்தக் கடைகளிலிருந்தே பெறுகிறார்கள். நகரப் பிரியாணிக் கடைகளின் அடுப்பில் ஏறும் கலம் மட்டும் நாள்தோறும் உழைக்கிறது. பாத்திரத்துக்குப் பதிலாகப் பணமாக எழுதும் மொய் வலுப்பெற்றதும் வரவைக் கட்டுப்படுத்தியது. நோட்டில் எழுதிய மொய்யை அதே அளவில் திருப்பிச் செலுத்தலாம், பரணில் ஏற்ற வேண்டியதில்லை.

வீடுகள் கைவிட்ட பித்தளைக்கு நாட்டின் சில இடங்களில் நிலையான புகலிடம் கிடைத்திருக்கிறது. அகமதாபாத்தில் விஷாலா உணவகத்தை அமைத்த சுரேந்திர படேல் அதன் வளாகத்தில் 1981-இல் திறந்த பாத்திர அருங்காட்சியகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் ஹடாவே என்பவர் தொகுத்த தென்னிந்தியச் செம்பு, பித்தளை வேலைப்பாடுகள் பற்றிய படத்தொகுப்பை 1913-லேயே வெளியிட்டிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் அன்றாடக் கலங்களுக்கு, குறிப்பாகப் பெயர் வெட்டிய கலங்களுக்கு, இத்தகைய தொகுப்பு ஒன்று தேவை. பித்தளையையும் வெண்கலத்தையும் நகர்ப்புறக் குடும்பங்கள் இப்போது உடல்நலம் கருதியும் அழகு கருதியும் திரும்ப வாங்குகின்றன. தாத்தா காலத்தில் எடைக்குப் போட்ட வெண்கலப் பானையை அதே குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் பன்மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களில் பலரும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது ஈயம் பூச எங்கே கொடுப்பது என்பதைத்தான்.