மன்னிக்கும் மட்டை: ஒரு சிறு வரலாறு



மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பார்த்த இடங்களின் படங்களையெல்லாம் போட்டாயிற்று. இன்றைய செய்தி வேறு. போன சனிக்கிழமை நான் கோல்ஃப் அடித்தேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இதே ஊரில் வேலை பார்க்கிறான். (பெயரைப் போடாதீங்க டீச்சர் என்று கேட்டுக்கொண்டான்.) வெயில் ஏறுவதற்கு முன்பே என்னைப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப் போனான். இரண்டு மட்டைகள் கொண்டுவந்திருந்தான். ஒன்று, பழைய சாமான் கடையில் வாங்கிய மரத்தலை மட்டை. மற்றது இப்போது கடைகளில் கிடைக்கும் 7 வுட். வுட் என்று பெயர் இருக்கிறதே தவிர, அதில் துளி மரம் கிடையாது.

“இது ரொம்ப ஃபர்கிவிங் டீச்சர். தப்பா அடிச்சாலும் மன்னிச்சிடும்” என்றான்.

மட்டை எப்படி மன்னிக்கும்? வீட்டுக்கு வந்தும் இந்தக் கேள்வி விடவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஃபேர்வே வுட் என்றால் என்ன என்று பார்ப்போம். கோல்ஃபில் முதல் அடிக்குப் பந்தைச் சிறு குச்சியின் மேல் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பந்து புல்லில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடிக்க வேண்டும். வெட்டிவிட்ட அந்தப் புல்வெளிதான் ஃபேர்வே. தரையில் கிடக்கும் பந்தைத் தூரமாக அனுப்ப உதவும் நீளமான மட்டைதான் ஃபேர்வே வுட்.

ஸ்காட்லாந்தில் ஆரம்ப காலத்து மட்டைகளின் தலை நீளமாக, ஒல்லியாக, படகு போல இருந்தது. ஆப்பிள், பேரி, பீச் மரங்களில் கையால் செதுக்கினார்கள். பந்து தோல் பை. உள்ளே வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்திருப்பார்கள். 1848 வாக்கில் மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலில் செய்த கட்டா பெர்ச்சா பந்து வந்தது. விலை மலிவு, ஆனால் கல் போன்ற கடினம். அதை அடித்து ஒல்லித் தலைகள் உடைந்தன. அதனால் தலை குட்டையாகவும் தடிமனாகவும் மாறியது.

அடிப்பாகத்தில் பித்தளைத் தகடு பதித்த மட்டைக்கு பிராஸி என்று பெயர். முகம் கரண்டி போலக் குழிந்திருந்ததற்கு ஸ்பூன் என்று பெயர். இன்றைய 2 வுட், 3 வுட் எல்லாம் இவற்றின் வாரிசுகள்.

1880களில் மட்டையின் முகத்தைத் தட்டையாக விடாமல் லேசாகப் புடைக்கச் செய்தார்கள். நுனிப் பக்கம் பட்ட பந்து முதலில் வலப்புறம் கிளம்பும், பிறகு சுழற்சியால் வளைந்து நடுவுக்குத் திரும்பும். இன்றைக்கும் எல்லா வுட்களின் முகத்திலும் அந்தப் புடைப்பு இருக்கிறது. மன்னிப்பு அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தது பெர்சிமன் என்ற அமெரிக்க மரம். நம் கருங்காலிக்குத் தாவரவியலில் பங்காளி. கெட்டியான மரம், அடியைத் தாங்கும். 20ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் நல்ல மட்டை என்றால் பெர்சிமன்தான். 1935இல் ஜார்ஜியா மாநிலத்தில், இன்று மாஸ்டர்ஸ் என்று சொல்கிறோமே, அந்தப் போட்டியின் கடைசிச் சுற்று. ஜீன் சராசன் 3 அடிகள் பின்தங்கியிருந்தார். 15ஆவது குழிக்கு 235 கெஜம் இருக்கும்போது 4 வுட்டால் அடித்தார். பந்து நேராகக் குழிக்குள் போனது. 5 அடிகளில் முடிக்க வேண்டிய இடத்தை 2 அடிகளில் முடித்து, அந்த ஒரே அடியில் 3 அடிகளையும் ஈடுகட்டினார். மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் கோப்பையும் அவருக்கே.

ஆனால் அந்த மட்டை சராசன் போன்றவர்களுக்குத்தான் அப்படி வேலை செய்யும். நடுவில் பட்டால் தேன். அரை அங்குலம் விலகினால் தலை கையில் திருகிக்கொள்ளும், பந்து எங்கோ போகும். தவறு ஆட்டக்காரன் மேல்தான். போய் இன்னும் பயிற்சி செய் என்பார்கள்.

இதை வேறுவிதமாகப் பார்த்தவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். இவரும் கொஞ்ச காலம் அந்தத் தொழில் செய்து, பிறகு ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர் ஆனார். 40 வயதுக்கு மேல்தான் கோல்ஃப் ஆடத் தொடங்கினார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை கையில் திருகியபோது, எடையெல்லாம் நடுவில் இருப்பதுதான் காரணம் என்று கண்டார். எடையை இரண்டு ஓரங்களுக்கும் நகர்த்தினார். 1959இல் அப்படிச் செய்த மட்டை பந்தில் படும்போது எழுந்த சத்தத்தையே பெயராக வைத்தார்: பிங். அந்தக் கம்பெனி இந்த ஃபீனிக்ஸ் ஊரில்தான் இருக்கிறது.

இதை எப்படி விளக்குவது? நம் ஊர்க் கழைக்கூத்தாடியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றில் நடக்கும்போது கையில் நீளமான கழி வைத்திருப்பார். எடை இரண்டு பக்கமும் தள்ளி இருப்பதால் உடம்பு சட்டென்று சாயாது. மட்டையும் அப்படித்தான். எடை ஓரத்தில் இருந்தால், ஓரத்தில் அடிபட்டாலும் தலை எளிதில் திருகாது. பந்தின் வேகமும் அதிகம் குறையாது. மன்னிப்பு என்பதன் பௌதிகம் அவ்வளவுதான்.

1979இல் கேரி ஆடம்ஸ் டெய்லர்மேட் என்ற பெயரில் துருப்பிடிக்காத எஃகால் வுட் செய்தார். எஃகு கனமானது, அதனால் உள்ளே கூடாக விட வேண்டியிருந்தது. கூடாக விட்டதும் எடை தானாகவே ஓரத்துக்குப் போனது! பலர் கேலி செய்தார்கள். பிட்ஸ்பர்க் எஃகு ஊர் என்பதால் அதற்கு ‘பிட்ஸ்பர்க் பெர்சிமன்’ என்று பெயர் விழுந்தது. 1991இல் காலவே கம்பெனி பெரிய தலையோடு ‘பிக் பெர்த்தா’வைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மரம் திரும்பி வரவில்லை. 1990களின் நடுவில் பார்னி ஆடம்ஸ் செய்த ‘டைட் லைஸ்’ ஃபேர்வேக்கென்றே தாழ்வான தலையோடு வந்தது. எடை தாழ்ந்திருந்தால், புல்லில் கிடக்கும் பந்தும் சுலபமாக மேலே எழும்பும்.

இனி என் கதை. 7 வுட்டின் முகம் சுமார் 21 டிகிரி சாய்ந்திருக்கும். 20 பந்து அடித்தேன். பாதிக்கு மேல் தரையில் உருண்டன, பந்தின் தலையில் பட்டால் எந்த மட்டையும் காப்பாற்றாது. ஆனால் நுனியில் பட்ட இரண்டு மூன்று பந்துகள், நான் நம்பவே மாட்டேன், எழும்பி ஓரளவு நேராகவே போயின. கையில் மெத்தென்று ஓர் உணர்வு, அவ்வளவுதான். வேறு சில அழகாக எழும்பி வலப்பக்கம் பறந்தன. “முகம் திறந்திருந்துச்சு டீச்சர்” என்றான். அப்போதுதான் அதன் எல்லை புரிந்தது. எந்த இடத்தில் பட்டது என்பதை அது மன்னிக்கும். எந்தத் திசையைப் பார்த்து நின்றாய் என்பதை மன்னிக்காது.

பிறகு மரத்தலை மட்டை. ஒன்றே ஒன்று நடுவில் பட்டது. ‘டக்’ என்ற அந்தச் சத்தமும், கைக்கு ஒன்றுமே தெரியாத அந்த மென்மையும் எஃகில் வரவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் ஏன் ஏங்குகிறார்கள் என்று புரிந்தது. அடுத்தது நுனியில் பட்டது. முழங்கைவரை விண்ணென்று தெறித்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு விரல்களை உதறினேன்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “கணக்கு தப்பாப் போட்டா ஸ்கேலைத் திருப்பி வச்சு முட்டியில அடிப்பீங்களே டீச்சர், அதே மாதிரி இருக்குல்ல?”

அவன் மனதில் வஞ்சம் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினான். எனக்குத்தான் அதற்குப் பிறகு மட்டையைத் தொட மனம் வரவில்லை.

அவன் அப்போது எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறுவான். நான் அடித்ததால் அவன் வாய்ப்பாடு கற்றுக்கொண்டான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். காரில் வரும்போது கேட்டேன். அவனுடைய அக்கா புளியங்கொட்டைகளை எட்டெட்டாக அடுக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாளாம். “அடிக்கப் பயந்து கையைத்தான் டீச்சர் ஒளிச்சு வச்சேன், கணக்கு ஏறலை” என்றான்.

வலித்தால்தான் தவறு புரியும் என்பது பெர்சிமன் காலத்து நம்பிக்கை. புது மட்டையும் தவறை மறைக்கவில்லை. சத்தம் மாறும், கையில் லேசாகத் தெரியும், பந்தும் கொஞ்சம் முன்னாலேயே விழும். ஆனால் அடுத்த பந்தை அடிக்கப் பயம் வராது. அன்றைக்கு நான் 20 பந்து அடித்தது அதனால்தான். மர மட்டையை முதலில் கொடுத்திருந்தால் மூன்றாவது பந்தோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

என் வகுப்பில் மூன்றாவது பந்தோடு நின்றுபோனவர்கள் யார் யார் என்று இந்த ஒரு வாரமாக நினைத்துப் பார்க்கிறேன். சில முகங்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்களில் யாராவது இதைப் படித்தால், அம்மா, ஐயா, டீச்சரை மன்னித்துவிடுங்கள். அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிடுவேன். வீடு அதே தெருவில்தான் இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆறாம் வகுப்பு டீச்சர்