கதவில் அடித்த தகடு

விக்டோரியா காலத்துக் கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்புகளைத் தேடுகிறவர்கள் முதலில் தாமஸ் அன்னன் எடுத்த புகைப்படங்களுக்குத்தான் போவார்கள். நகர மேம்பாட்டு அறக்கட்டளைக்காக 1868 முதல் 1871 வரை எடுத்தவை. இடிக்கப்படவிருந்த ஒடுங்கிய சந்துகள், கழியில் காயும் துணிகள், ஈரம் படிந்த கல்தளம் எல்லாம் உண்டு. அன்னனின் கேமரா வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. எனக்கு வேண்டியது உள்ளே இருந்தவர்களின் கணக்கு.

அதற்கான பிடி கதவில் இருந்தது. அந்நகரத்தின் சிறிய வீடுகளில் ஆணியடித்திருந்த உலோகத் தகடுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள்: வீட்டின் கன அளவு, தங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை. சுகாதார அறிக்கைகளில் தொடங்கிய தேடல் 1862-ஆம் ஆண்டின் கிளாஸ்கோ போலீஸ் சட்டத்தில் போய் நின்றது. மூன்று அறைக்கு மிகாத, 2,000 கன அடிக்கு உட்பட்ட வீட்டை நகராட்சி அளந்து தகடு அடிக்கலாம். பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி; எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள். 900 கன அடி அறையென்றால் அப்பா, அம்மா, இரண்டு சிறுபிள்ளைகளோடு நிறைந்துவிடும். பாட்டி வந்து தங்கினால் சட்டமீறல்.

சரிபார்க்க ஆய்வாளர்கள் இரவில் வந்து கதவைத் தட்டினார்கள். கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் கூரைமேலும் ஒளிந்தவர்களைப் பற்றிப் படிக்கையில் மனம் பதைக்கிறது. பகலெல்லாம் உழைத்த மனிதர்கள் அவர்கள். அபராதமும் குடியிருந்தவருக்கே. வெளியேற்றப்பட்டவர் எங்கே போவார்? அதே வாடகைக்குக் கிடைக்கும் இன்னோர் அறைக்கு. அதுவும் நெரியும்.

1872 முதல் 1898 வரை நகரின் சுகாதார அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல், ஓரறை வாழ்க்கை பற்றி 1888-ல் ஆற்றிய உரையில் நான் தேடிய கணக்கு முழுதாகக் கிடைத்தது. நகர மக்களில் 25 சதவீதம் பேர் ஓரறை வீடுகளில். ஐந்தோ அதற்கு மேலோ அறைகள் உள்ள வீடுகளில் 8 சதவீதம். ஐந்து வயது நிறையாமல் இறந்த குழந்தைகளில் 32 சதவீதம் ஓரறை வீட்டுப் பிள்ளைகள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் 2 சதவீதம்கூட இல்லை. இறந்த குழந்தையைக் கிடத்திய அறையிலேயே மற்றவர்கள் உண்டு உறங்கினார்கள்.

1890-ல் சட்டம் 300-ஐ 400 ஆக்கியது. அறை பெரிதாகவில்லை, அனுமதித்த ஆள் எண்ணிக்கைதான் குறைந்தது. அளந்தது சரி. தண்டித்தது தவறு. நெரிசலுக்குப் பொறுப்பு, அந்த அறைகளை வாடகைக்கு விட்டவர்களும் போதிய வீடு கட்டாமல் இடித்த நகராட்சியும்தான்.